அக்காவின் இடது கை

ஜூன் 7, சனி

இன்று என் கையை ஒரு பட்டை அளந்தது. இருபத்தைந்து வருடமாகப் பாளையங்கோட்டைப் பெண்களின் கைச்சுற்றளவெல்லாம் என் டேப்பில்தான் இருக்கிறது. யார் பெருத்தாள், யார் இளைத்தாள், யாருக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு ஒட்டவில்லை என்பதை அவர்கள் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிடுவேன். என் கையை இதுவரை யாரும் அளந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பட்டை புஸ்ஸென்று இறுகியதும் உடம்பெல்லாம் கோபமாக வந்தது.

நடந்தது இதுதான். அக்காவை வழக்கமான சோதனைக்கு டாக்டர் பர்வீனிடம் கூட்டிப் போயிருந்தோம். அக்கா, ஆவுடையம்மாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஊரையே பேசவைத்தவள். இரண்டு வருடத்துக்கு முன் வாதம் அடித்து வலது கையும் வலது காலும் படுத்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "மூதி." பசித்தாலும் மூதி, காபி நன்றாக இருந்தாலும் மூதி, சீரியலில் மருமகள் அழுதாலும் மூதி. ராகத்தை வைத்துப் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பேச்சு இருக்கும் இடம் அடிபட்டாலும் சிலருக்குத் திட்டு மட்டும் தப்பித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் தப்பிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அக்காவுக்குப் பார்த்து முடித்த நர்ஸ் பெண், "நீங்களும் சும்மா உக்காருங்கக்கா, பிரஷர் பாத்துருவோம்" என்றாள். சும்மா உட்கார்ந்தேன். 166/104 வந்தது. சும்மா உட்கார்ந்ததற்கே இவ்வளவு.

டாக்டர் பர்வீனுக்கு என் கடைசித் தையல் மாணவியின் வயசுதான் இருக்கும். "அம்மா, ஒரு தடவை பாத்து முடிவு பண்ண வேண்டாம். மிஷின் ஒண்ணு வாங்கிக்கோங்க. காலைல, சாயங்காலம், ஒரு அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்துட்டுப் பாருங்க. இருபத்தொண்ணாம் தேதி வாங்க" என்றார். எழுதிக்கொண்டு வரவா என்று கேட்டேன். "வேண்டாம்மா. எழுதச் சொன்னா எல்லாரும் கதை எழுதிட்டு வராங்க. மிஷினையே கொண்டாங்க, அதுலயே பதிவாகி இருக்கும்."

விவரமான பெண்.

ஆனால் ஆட்டோவில் என் தம்பி குற்றாலம் ஆரம்பித்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். லீவில் வந்திருந்தவன், அந்த நம்பரைப் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

"சின்னக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது."

"அப்ப சொல்லாத."

"நீயும் விழுந்துட்டேன்னா ரெண்டு பேரையும் யாரு தூக்க? நான் ஓசூர்ல இருந்து பஸ் ஏறி வாரதுக்குள்ள..."

"அதுக்கு?"

"டாக்டரம்மா உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா பெரியக்காவ நான் கூட்டிட்டுப் போயிருதேன். எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஹோம் இருக்கு. நல்ல ஹோம். தோட்டமெல்லாம் இருக்கு."

"பெரியக்கா என்ன பசுமாடா, தோட்டத்தப் பாத்து நிக்க?"

பின்சீட்டில் நடுவில் இருந்த அக்கா "மூதி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் பொருந்தும். ஆட்டோக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

முடிவு செய்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி நான் பாஸாகியே தீரவேண்டும். என் கல்யாணம் ஆறு மாதத்தில் ஊற்றிக்கொண்டபோது இந்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவள் அக்கா. அவளை யாரோ ஒருத்தி எந்த ராகம் எதற்கென்று தெரியாமல் குளிப்பாட்டுவதா?

ஜூன் 8, ஞாயிறு

உப்புக்கு விடை கொடுத்தேன். உப்பு ஜாடியை அலமாரி மேல்தட்டில், நானே ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்தேன்.

மதியம்: உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத கத்தரிக்காய். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், இரண்டு அப்பளம். நன்றாகவே இறங்கியது. உப்பில்லாமல் சாப்பிடுவது ஒன்றும் கஷ்டமில்லை, ஜனங்கள்தான் பெரிதுபடுத்துகிறார்கள்.

பக்கத்து வீட்டு எஸ்தரக்கா எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பத்து வருடமாகப் பிரஷர், இந்தத் தெருவில் அந்த விஷயத்தில் அவர்கள்தான் சீனியர்.

"ஏட்டி வடிவு, ஊறுகா உப்பில்லையா?"

"அது ஊறுகாய்க்கா. நான் போட்ட உப்பில்ல, அதுவா இருக்க உப்பு."

"அப்படிப் பாத்தா கருவாட்டு உப்பு கடல் போட்டது" என்று யோசித்தார்கள். நாங்கள் இருவரும் இந்த இடத்தில் ஒத்துப்போனோம்.

மெடிக்கலில் மிஷின் வாங்கியாகிவிட்டது. நாளை முதல்.

ஜூன் 9, திங்கள்

காலை 170/102. மிஷின் கோளாறு.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "இன்னொரு ஆளுக்குப் போட்டுப் பாருங்கம்மா" என்றான். வீட்டுக்கு வந்து அக்காவின் இடது கையில் கட்டினேன். 124/78.

ஆக, மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் தப்பாகக் காட்டுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

செய்தி பரவிவிட்டது. எஸ்தரக்காவிடம் சொன்னதும் மாரியம்மன் கோயில் மைக்கில் சொன்னதும் ஒன்று. இன்று பிளவுஸ் வாங்க வந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முருங்கைக்கீரை சூப். பூண்டு. செம்பருத்திப் பூத் தண்ணீர். பேங்க் மேனேஜர் சம்சாரம் அவர்கள் வீட்டுக்காரரின் மாத்திரையில் பாதி தருகிறேன் என்றாள், ஏதோ முறுக்குப் பாதியைத் தருவதுபோல. ஒருத்தி தன் பிரஷர் 190 வரை போனதைப் பெருமையாகச் சொன்னாள். இன்னொருத்தி உடனே "எங்க அத்தைக்கு 210" என்றாள். 166-ஐ வைத்துக்கொண்டு நான் தலைகுனிந்து நின்றேன்.

எல்லாவற்றையும் செய்கிறேன். மாலையில் மைதானத்தில் எஸ்தரக்காவோடு நடை. கால் சுற்று நடந்தோம், பிறகு கல் பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாம் வீட்டு மருமகள் தாய்வீடு போன காரணத்தை ஆராய்ந்தோம். வியர்த்தது. வியர்த்தால் கணக்குத்தான்.

இரவு 168/100.

ஜூன் 11, புதன்

காமாட்சி டீச்சர் பிளவுஸுக்கு இரண்டும் இடது கையாக வெட்டிவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் இது முதல் தடவை. ஊசியில் நூல் கோக்கவும் நேரமாகிறது. இப்போதெல்லாம் ஊசிக் காதைச் சின்னதாகத்தான் செய்கிறான்கள் போல. பின்மண்டையில் ஒரு பாரம். வெயில்.

காலை 172/104. மாலையில் பார்க்கவில்லை. டாக்டர் அமைதியாக உட்கார்ந்துவிட்டுத்தான் பார்க்கச் சொன்னார். எனக்கு அமைதி வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

மிஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் தமிழிலும் போட்டிருக்கிறான்: இந்தப் பொத்தானை நீளமாக அழுத்தினால் பழைய பதிவுகள் எல்லாம் போய்விடும். விரல் தெரியாமல் பட்டு அழுந்திவிட்டது. கொஞ்ச நேரம் அழுந்தியே இருந்தது.

போகட்டும், புதுக்கணக்கு ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். ஆனால் தையல் மிஷினையே காலையில் வெறும் துணியில் நாலு தையல் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியில் வைப்பேன். அதுபோல இந்த மிஷினுக்கும் பழக்கம் வரட்டும் என்று முதலில் அக்கா கையில் கட்டினேன். 122/78. அதற்குப் பிறகு பால்காரர் வந்துவிட்டார். மாலையிலும் அப்படித்தான், யாரோ வந்துவிட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி

காலை 124/80. மாலை 120/78. நல்ல முன்னேற்றம்.

ஜூன் 14, சனி

இன்று அக்கா கையைத் தரவில்லை.

நான் பட்டையை எடுத்ததும் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "மூதி." கேள்வி ராகம்.

"சும்மாதான்க்கா. உனக்குப் பாக்கக் கூடாதா?"

"மூதி." இது கேள்வி இல்லை. எக்ஸ்சேஞ்சில் ஒருவன் பொய் நம்பர் கொடுத்தால் குரலிலேயே கண்டுபிடிப்பாளாம், சொல்லியிருக்கிறாள். டிவி ரிமோட்டைக் கொடுத்தேன். வாங்கவில்லை. எஸ்தரக்கா கொடுத்த கேக்கைக் காட்டினேன். முகத்தைத் திருப்பினாள். பட்டையை எடுத்து என் கையில் வைத்தாள், தன் இடது கையால். அதைக் கட்டு என்று என் கையைத் தட்டினாள்.

தரையில் அவள் காலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "எனக்குப் பாத்தா ஏறித்தான் நிக்கிக்கா. எறங்க மாட்டேங்கு. அத அந்தப் பய பாத்தாம்னா உன்ன ஓசூருக்குத் தூக்கிட்டுப் போயிருவான். அங்க ஒனக்கு யாருக்கா காபி ஆத்துவா? அவளுக்கு ஒன் சூடு தெரியுமா?"

 அக்கா இடது கையை நாற்காலிப் பிடியில் உள்ளங்கை தெரிய வைத்தாள். பட்டை இறுகி இளகும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

128/82. அவளுக்கே கொஞ்சம் ஏறிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

குற்றாலம் வீடியோ காலில் வந்தான்.

"எப்படி இருக்கு ரீடிங்?"

"நூத்தியிருவது."

"நெசமாவா சின்னக்கா? ஒரே வாரத்துலயா?"

"மனசு வச்சா முடியாதாடா?"

அவன் முகம் தெளிந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கெட்டவன் இல்லை. அக்காவுக்கு வாதம் அடித்த அன்றும் லீவில் வந்திருந்து, ஆம்புலன்ஸில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அந்த ஹோமின் போட்டோக்களை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான், "சும்மா பாத்து வை" என்று. எல்லாப் போட்டோவிலும் கிழவிகள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அக்காவால் ஒரு கையை வைத்து எப்படித் தட்ட?

டாக்டரிடம் போக ஒரு பிளவுஸ் வெட்டினேன். என் பிளவுஸ் எல்லாம் கையில் இறுக்கிப் பிடிக்கும், அது என் கடை விளம்பரம். அன்றைக்கு நர்ஸ் மேலே ஏற்ற முடியாமல் திணறினாள். இது தளர்ந்த கை, ஓரத்தில் இரண்டு ஹூக். கழற்றினால் தோள்வரை திறக்கும். அக்காவுக்குத் தைப்பதும் இதே மாதிரிதான், வலது கை மடங்காது என்பதால் பக்கமெல்லாம் திறப்பாக வைத்து. ஒரே துணியில் இரண்டு பேருக்கும் வெட்டினேன். கத்தரிப்பூ நிறம்.

ஜூன் 16, திங்கள்

தலைவலி. வெயில் ஜாஸ்தி. (மழை தூறியது.)

ஜூன் 17, செவ்வாய்

என் புகழ் இப்போது தெருமுனை தாண்டிவிட்டது. வடிவு மாத்திரை மருந்து இல்லாமலே பத்து நாளில் பிரஷரைக் குறைத்துவிட்டாளாம். முருங்கைக்கீரைக்காரிக்கு நல்ல வியாபாரம், எனக்கு ஒரு கட்டு இனாம் கொடுத்தாள். காமாட்சி டீச்சர் என் சமையல் முறையை எழுதிக்கொண்டு போனார்கள். நார்த்தங்காயைச் சேர்த்துத்தான் சொன்னேன்.

மாலையில் எஸ்தரக்கா சந்தோஷமாக வந்தார்கள். "ஏட்டி, ஒன்னப் பாத்து நானும் நேத்தோட மாத்திரைய நிறுத்திட்டேன். சவம், பத்து வருசமா முழுங்கி என்ன கண்டேன்? ஒன் சூப்பையே குடிக்கேன்."

கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

"எக்கா, நிறுத்தாதிய."

"ஏன், ஒனக்கு மட்டும்..."

"நிறுத்தாதியன்னு சொல்லுதேம்லா!"

நான் இப்படிக் கத்தி அவர்கள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒன்றை எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நின்றேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். பேதலித்துப் போய்க் காட்டினார்கள்.

எங்கள் அக்காவும் இப்படித்தான் நிறுத்தினாள். நல்லாத்தான இருக்கேன், எதுக்கு என்று. மாத்திரை அட்டைகளை அவள் பீரோவில் புடவைக்கடியில் நான் பார்த்தது, ஆஸ்பத்திரிக்கு அவள் துணி எடுக்க வந்தபோது.

எஸ்தரக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்தால், அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எஸ்தரக்கா வீட்டுக் கூடம் தெரிகிற ஜன்னல் அது, எல்லாம் கேட்டிருக்கும்.  மூதிகூடச் சொல்லவில்லை.

மாலை ரீடிங் எடுக்கவில்லை. அந்தப் பட்டையை எடுக்கவே கூச்சமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

கூச்சம் ஒருநாளுக்குத்தான். காலை 122/78, மாலை 124/80. இன்னும் மூன்று நாள்தான்.

ஜூன் 19, வியாழன்

அக்காவைக் குளிப்பாட்டும்போது பாத்ரூம் சுவர் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. நான் குழாயைப் பிடித்தேன் என்று நினைத்தேன், குழாய் அந்தப் பக்கம் இருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இடது கையால் என் பிளவுஸ் முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தையல் ஒரு விரற்கடை பிரிந்துவிட்டது. நான் தைத்தது அப்படிப் பிரியாது, அவ்வளவு இழுத்திருக்கிறாள்.

தரையில் சோப்புத் தண்ணீர். அதுதான் வழுக்கியது.

அதற்குப் பிறகு அவள் என்னை அறையைவிட்டுப் போகவே விடவில்லை. நான் எழுந்தால் மூதி. உட்கார்ந்தால் சும்மா இருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

குற்றாலம் வந்துவிட்டான். எனக்காக ஓசூரிலிருந்து ஒரு கிலோ உப்புக்கடலை வாங்கி வந்திருக்கிறான். பிரஷர்காரிக்கு என்ன வாங்குவது என்று பஸ்ஸ்டாண்டில் யோசித்தானாம். "இனிப்பு வேண்டாம்னு இத வாங்கினேன்" என்றான். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் மூளை மந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவன் மிஷினை எடுத்துப் பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். "சூப்பர் சின்னக்கா." உண்மையைச் சொல்லிவிட எனக்கு வாய் நமநமத்தது. ஆனாலும் நாளைக்கு ஒரே ஒருநாள் தாண்டிவிட்டால் போதும். அப்புறம் நிஜமாகவே உப்பைக் குறைத்து, நிஜமாகவே நடந்து, நிஜமாகவே இறக்கிவிடுவேன். இது சத்தியம். நார்த்தங்காய்கூட இல்லை.

பிளவுஸ் இரண்டும் ஹூக் வைத்து முடித்தாகிவிட்டது. அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். அழகாக இருந்தாள்.

ஜூன் 21, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கத்தரிப்பூ நிறத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நானும் அக்காவும் போனோம். அக்காவைச் சக்கர நாற்காலியில் குற்றாலம் தள்ளிக்கொண்டு வந்தான். நர்ஸ் பெண் என் கை ஹூக்கைப் பார்த்து, "இது நல்லாருக்கே அக்கா, எல்லாரும் இப்படி வந்தா எங்களுக்கு வேலை மிச்சம்" என்றாள். அந்தச் சந்தோஷத்திலாவது குறையும் என்று பார்த்தேன். 174/102.

குற்றாலத்தின் முகம் இருண்டது. "மிஷினப் பாருங்க டாக்டர்" என்று நான் முந்திக்கொண்டேன்.

டாக்டர் பர்வீன் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார். "நூத்தியிருபத்திரெண்டு. இருபத்திநாலு. இருபது. அட! வீட்ல ரொம்ப நல்லாத்தான இருக்கு." சிரித்தார். "எங்க ரூமைப் பாத்தாலே சிலருக்கு ஏறும்மா. பயம்தான். வீட்ல இப்படி இருந்தா இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

"அப்ப ஒண்ணுமில்லியா டாக்டர்?" என்றான் குற்றாலம்.

"பெருசா ஒண்ணுமில்ல."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பாஸாகிவிட்டேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், ஜெயித்த முகத்தோடு.

அக்கா மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

பேனா டப்பா உருண்டது. "மூதி!" இரண்டு வருடத்தில் கேட்காத குரல். எக்ஸ்சேஞ்சில் லைனுக்கு நடுவே யாராவது அசிங்கமாகப் பேசினால் வெட்டிவிடுவாளே, அந்தக் குரல்.

"பெரியக்கா, என்னாச்சு?" என்று குற்றாலம் குனிந்தான். அவனைத் தள்ளிவிட்டாள். இடது கையை டாக்டரின் மேஜைமேல் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை படிய, விரல் தளர. காலையும் மாலையும் எனக்கு வைத்துக் காட்டிய அதே மாதிரி.

"உங்களுக்குப் பாத்தாச்சே பெரியம்மா" என்றார் டாக்டர்.

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். கையை எடுத்து மிஷினைக் காட்டினாள். தன் தோளைக் காட்டினாள். என்னைக் காட்டினாள். மறுபடி கையை மேஜையில் வைத்தாள்.

 நான் என் புது பிளவுஸின் ஹூக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

டாக்டர் எங்கள் மிஷினை எடுத்து அக்காவின் கையில் கட்டினார். 124/78. "இப்ப நீங்க கையக் குடுங்கம்மா" என்று என்னிடம் திரும்பினார். 172/100.

"சின்னக்கா!" குற்றாலத்தின் குரல் உடைந்துவிட்டது. "ஏன் இப்படிச் செஞ்ச?"

"நீதான் ஓசூர்ன்ன."

"அதுக்காக? நீ பாட்டுக்கு மாத்திரை இல்லாமத் திரிஞ்சு, ஒரு நாள் அவள மாதிரி..." முடிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பெரியக்கா, ஒனக்குத் தெரியும்லா? இதச் சொன்னா ஒன்ன ஹோம்ல விடுவேன்னு தெரிஞ்சுதான சொன்ன?"

அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். தெரிந்துதான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்காம் தேதி அவள் கையைத் தந்தது எனக்காக. இன்றைக்கு அதே கையை நீட்டியதும்...

இதற்கு மேல் அதை எழுத வரவில்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டர் மறுபடி மிஷினை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இருக்க அத்தனையும் பெரியம்மாவோடதா?"

"ஆமா டாக்டர்." வேறென்ன சொல்ல?

"சார், இங்க பாருங்க." குற்றாலத்திடம் நீட்டினார். "ஸ்ட்ரோக் வந்தவங்க இவங்க. ஒரு நாள்கூட ஏறல, ஒரு நாள்கூட எறங்கல. நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், எல்லாம் சரியா இருந்தாத்தான் இப்படி வரும். இவங்கள யாரு பாத்துக்கறா?"

 ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தவனுக்குத் தன் செருப்பைப் பார்க்க நிறைய இருந்தது.

"உங்க சின்னக்காவுக்கு மாத்திரை போடணும். இன்னைக்கே ஆரம்பிக்கணும், நிறுத்தக் கூடாது. ரத்தம், யூரின் எல்லாம் பாத்துருவோம். ஊறுகாய் சாப்பிடுவீங்களா?"

"கொஞ்சம்."

"மூதி" என்றாள் அக்கா.

"நிறைய" என்று திருத்தினேன்.

"அதுவும் உப்புத்தாம்மா." எஸ்தரக்காவும் நானும் கண்டுபிடித்தது பத்து நொடியில் போயிற்று.

குற்றாலம் தொண்டையைச் செருமினான். "டாக்டர், பெரியக்காவுக்கு இவ மறக்காமக் குடுத்துருவா, சரி. இவளுக்கு யாரு குடுப்பா? நான் அங்க கெடக்கேன். இவ தையல்ல உக்காந்தா சோத்தையே மறந்துருவா. நாலு நாள் போட்டுட்டு நிறுத்திருவா. யாரு பாக்க?"

நியாயமான கேள்வி. 

அக்கா தன் நெஞ்சில் இடது கையால் தட்டினாள். ஒரு தடவை. "மூதி."

ராகம் பிடிக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

குற்றாலம் வெளியே போய்விட்டு வந்தான். கண்ணில் தூசியாம். அந்த ஆஸ்பத்திரி தரையில் விழுந்ததை எடுத்துத் தின்னலாம், அவ்வளவு சுத்தம்.

ஆட்டோவில் வரும்போது, "காலைல ஏழு மணிக்கு எனக்கு வீடியோ கால் வரணும்" என்றான். "நீ பேசக் கூடாது சின்னக்கா, நீ பேசுனா கதை சொல்லுவ. பெரியக்காதான் போடணும். ஒரு நாள் வரலன்னா அன்னைக்கே பஸ் ஏறிருவேன்."

"ஹோமு?" என்றேன்.

"போட்டோவ அழிச்சிரு."

எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தவேண்டும் என்பதெல்லாம் எனக்கு நல்ல பழக்கம்.

ஜூன் 22, ஞாயிறு

ஆறேமுக்காலுக்கே அக்கா தயார். சீப்பைக் காட்டித் தலை வாரச் சொன்னாள். போனை மடியில் வைத்து, இடது ஆள்காட்டி விரலால் தம்பி படத்தைத் தொட இரண்டு தடவை தவறியது. நான் கை நீட்டினேன், விரலிலேயே ஓர் அடி விழுந்தது. மூன்றாம் தடவை லைன் கிடைத்தது.

அதற்கு முன்பு என் மாத்திரையை என் உள்ளங்கையில் அவளே வைத்தாள். நான் விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள், விரலால். எஸ்தரக்காவிடம் நான் செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். காட்டினேன்.

காலியான அட்டைக் குழியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பது வருட உத்தியோகம் முதுகில் தெரிந்தது.

"மூதி" என்றாள்.

"சரிக்கா" என்றான் குற்றாலம்.

லைனை அவளே துண்டித்தாள்.